ஜாமீன் உத்தரவுக்கும் சிறை வாசலுக்கும் நடுவே நின்ற அக்காவுக்கு



உங்கள் பெயரைப் போட்டே எழுத ஆசைப்பட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால், நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவின் மேசையில் உட்கார்ந்திருக்கும் சட்டம் சார் தன்னார்வலர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். நேரில் சொல்ல வேண்டிய நன்றியை ஊரறிய எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அந்த அம்மாவுக்கு நீங்கள் புண்ணியத்துக்கு உதவினீர்கள் என்றுதான் இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் மனசு பெரிய மனசுதான். ஆனால் நீங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் சட்டம் ஒன்று இருந்தது. அந்த உதவி அந்த அம்மாவுக்கு உரிமையாக வர வேண்டியது. இதைத் தெரிந்துகொண்டால் இன்னும் பல வீடுகள் கடன்படாமல் தப்பிக்கும்.

அவர் மகனைத் திருட்டு வழக்கில் சிறையில் அடைத்ததும், இலவச வக்கீல் வேண்டுமானால் வருமானச் சான்று கட்டாயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கூலியை விட்டுவிட்டு அந்த அம்மா இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தார். நீங்கள் ஒரே வாக்கியத்தில் அந்த அலைச்சலை முடித்தீர்கள்: “பையன் உள்ள இருக்கான்ல, அதுவே தகுதிதாம்மா.” 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களில் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. இல்லாத காகிதத்தைக் கேட்டு ஏழையைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதே சட்ட உதவியின் முதல் தகுதி என்று நான் நினைக்கிறேன்.

மனுவை நீங்களே எழுதினீர்கள். எழுதியதை வரிக்கு வரி வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினீர்கள். நகலின் பின்பக்கத்தில் குற்ற எண், வக்கீலின் கைப்பேசி எண், அடுத்த வாய்தா தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அன்றுமுதல் அந்த அம்மா யாரிடமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. தாளை நீட்டினார், விவரம் கேட்டார், பதில் வாங்கினார்.

வந்த வக்கீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசமாக வரும் வக்கீல் ஏனோதானோவென்றுதான் வாதாடுவார் என்ற பேச்சு எங்கள் பக்கம் பலமாக உண்டு. 2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையில் வரும் இவரைப் போன்ற வக்கீல்கள் சொந்த வழக்கு எதையும் எடுக்காமல் முழு நேரமும் இந்த வேலையையே பார்க்கிறார்கள். எங்கள் தெருப் பையனைச் சிறைக்குப் போய்ப் பார்த்து, அவன் வாயாலேயே நடந்ததைக் கேட்ட பிறகுதான் அவர் ஜாமீன் மனுவே போட்டார்.

ஜாமீன் கிடைத்தது. பையன் வரவில்லை.

நான் விரிவாக எழுத விரும்புவது இந்த இடத்தைத்தான். இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றது உத்தரவு. வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்துக்கு வந்து, போட்டோ ஒட்டி, கைரேகை வைத்து நிற்கக்கூடிய இரண்டு பேரை வாடகைக் குடிசையில் இருக்கும் ஒரு சித்தாள் எங்கே தேடுவார்? வளாகத்துக்கு வெளியே ஒரு தரகர் ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் கேட்ட தொகைக்கு அந்த அம்மா தாலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். தடுத்தது நீங்கள்.

இந்த நிலைமைக்காகவே உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று வழிமுறைகள் தந்திருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குப் போய்ச் சேர வேண்டும். 7 நாளில் அவர் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலர் ஒரு தன்னார்வலரையோ வக்கீலையோ சிறைக்கு அனுப்பலாம். கைதியின் குடும்ப நிலை, பொருளாதார நிலை பற்றிய அறிக்கையைப் பார்த்து நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்தலாம். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையென்றால், நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

இத்தனையும் காகிதத்தில் இருக்கிறது. அதைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தது நீங்கள். சிறையில் அவனைப் பார்த்தீர்கள். எங்கள் தெருவுக்கு வந்து கூரை ஒழுகும் அந்த வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். சொந்தப் பிணையில் அவனை விட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் வாய்தா தவறாமல் போய் நிற்கிறான்.

இந்த உரிமைக்கு ஒரு பழைய வழக்கு வேராக இருக்கிறது. 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர் தங்கள்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனையைவிட அதிக காலம் அடைபட்டுக் கிடந்தார்கள். செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரையைப் படித்து வழக்கைக் கொண்டுபோனவர் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோராணி. இலவசச் சட்ட உதவி உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பகவதி தீர்ப்பில் உறுதியாகச் சொன்னார். அந்தத் தீர்ப்பை எங்கள் தெருவரைக்கும் நடந்து வந்து கொடுத்தது நீங்கள்தான் அக்கா.

இன்னொன்றுக்கும் நன்றி. விபத்தில் கணவனை இழந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தபோது, சமரசம் ஆனால் நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், ஆனால் அங்கே தரும் தீர்வின்மேல் மேல்முறையீடு கிடையாது என்று இரண்டையும் சொன்னீர்கள். “தொகை பிடிக்கலைன்னா கையெழுத்துப் போடாதம்மா, வழக்கு பழையபடி கோர்ட்டுலயே நடக்கும்” என்றீர்கள். முடித்த வழக்குகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில், முடிக்காமலும் இருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல நேர்மை வேண்டும்.

உங்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, வேலை பார்த்த நாளுக்கான சிறு மதிப்பூதியம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிறைக்கும் கிராமத்துக்கும் பஸ் ஏறி அலைகிறவர்களுக்கு அது போதாது. அரசும் ஆணைக்குழுவும் அதை உயர்த்த வேண்டும், தாமதமில்லாமல் தர வேண்டும். உங்களுக்காக நான் வைக்கும் கோரிக்கை இது ஒன்றுதான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காவல் நிலையம், அஞ்சலகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் அருகிலுள்ள சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியும் எண்ணும் பலகையில் இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊரில் இல்லையென்றால் கேளுங்கள். சிறையில் யாராவது இருந்து, வீட்டில் பணம் இல்லையென்றால், தரகரிடம் போவதற்கு முன் 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தேசிய சட்ட உதவி எண் அது, கட்டணம் கிடையாது.


அந்த அம்மாவின் எதிர்வீட்டுக்காரன்