ஒட்டுப்பால் பந்து

மாமா பதல்கும்புர பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வெலிமடைக்கு வந்தால் அவருடைய உரப்பைக்குள் மரவள்ளிக்கிழங்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கென்று ஒரு பந்து.

கடைப் பந்து இல்லை. மரத்தில் வெட்டிய தடத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்து, சுற்றிச் சுற்றி அவரே உருட்டியது. உருண்டை என்று சத்தியம் செய்ய முடியாது. கோழிமுட்டைக்கும் தோடம்பழத்துக்கும் நடுவில் ஒரு வடிவம். மரப்பட்டைத் தூள் அங்கங்கே ஒட்டியிருக்கும். வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“டேய் மருமகனே, அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாத.”

பிரட்டுக்களத்தில் மண்ணெண்ணெய்த் தகரத்தை நட்டுவைத்துக் கிரிக்கெட் ஆடுவோம். அந்தப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் எழும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. முரளிக்குக்கூட அப்படித் திரும்பியிருக்காது. ஒருமுறை எகிறி லயத்துக் கூரைத் தகரத்தில் விழுந்து, அங்கிருந்து இஸ்தோப்பில் காயப்போட்டிருந்த மிளகாய்க்குள் போய் உட்கார்ந்தது.

ஆனால் மார்கழிக் காலையில் அதே பந்து செத்துக் கிடக்கும். குளிருக்கு விறைத்துப்போய், தரையில் அடித்தால் ‘தொப்’பென்று அப்படியே நிற்கும். மத்தியான வெயில் ஏறிவிட்டாலோ பிசுபிசுவென்று களத்து மண்ணையெல்லாம் பூசிக்கொள்ளும். காற்சட்டைப் பையில் போட்டால் பையோடு சேர்ந்துகொள்ளும்.

மாமா சொன்னதை மறந்த காலை ஒன்று உண்டு. விறைத்த பந்தைச் சூடாக்கலாமென்று அடுப்போரம் வைத்தேன். அது உருண்டு தணலுக்குள் போய்விட்டது. கரும்புகை காம்பராவை நிறைத்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அம்மாயி ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டு, தட்டிலிருந்த ரொட்டியை முகர்ந்து பார்த்தார். “எல்லாம் நாறிப்போச்சுடா, நாசமா போறவனே!” அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டுப் பிரட்டுக்குப் போனார்.

குளிரில் விறைப்பதும் வெயிலில் இளகுவதும் என் பந்தின் குறை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பச்சை ரப்பரின் குணமே அதுதான். 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அந்தக் குணத்தை மாற்றினார். கந்தகம் கொஞ்சமாக இருந்தால் டயர் மாதிரி நெகிழும். நூற்றுக்கு முப்பது பங்கு அளவுக்குப் போனால் கல்லாக இறுகி, கறுத்து மினுங்கும். அதற்கு எபோனைட் என்று பெயர் வந்ததே கருங்காலி மரத்தை வைத்துத்தான்.

இதையெல்லாம் தேடிப் படிக்கவைத்தது கொழும்பில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பவுலிங் கூடம். மகள் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். மூன்று விரல் துளையோடு நீலப் பந்து ஒன்றைத் தூக்கித் தந்தாள். பழக்க தோஷம், முகர்ந்து பார்த்தேன். “ஐயோ அப்பா, ஆக்கள் பார்க்கிறாங்க!” ஒரு வாடையும் இல்லை. பிளாஸ்டிக்.

அந்த விளையாட்டின் பந்து முதலில் லிக்னம் விட்டே என்ற கனத்த மரத்தில் கடைந்தது. 1905இல் ‘எவர்ட்ரூ’ என்று கடின ரப்பர் பந்து வந்தது. 1914இல் பிரன்ஸ்விக் கம்பெனி ‘மினரலைட்’ என்ற ரப்பர் பந்தை இறக்கியது. அமேசான் விதையில் முளைத்த ரப்பர் கன்றுகள் நம் ஹெனரத்கொடைக்கு வந்தது 1876இல். மினரலைட் வந்தபோது இலங்கை ரப்பர் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கறுப்புப் பந்துதான் ராஜா. 1960 வாக்கில் பொலியெஸ்டர் வந்து நிறம் நிறமாக மினுக்கியது. 1980களின் தொடக்கத்தில் யூரிதேன், 1990களில் ரியாக்டிவ் ரெசின்.

கடைசியாகச் சொன்னது வினோதமான சாதி. ஓடுபாதையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பொலியெஸ்டர் அதில் வழுக்கி நேரே போகும். ரெசின் பந்தின் மேலே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, பாதையைப் பற்றி, கடைசி நேரத்தில் வளைந்து அடிக்கும். குடித்த எண்ணெய் கூடிவிட்டால் பிடிப்புப் போய்விடும், பந்தைச் சூடுகாட்டி எண்ணெயைக் கக்கவைக்க வேண்டும். அடுப்போரம் வைத்த என் புத்தியை அம்மாயி வீணாகத்தான் திட்டியிருக்கிறார். இத்தனை மாறியும் உச்ச எடை மட்டும் அதே 16 இறாத்தல்.

ரெசின் கெட்டிக்காரப் பந்துதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு ரப்பருக்கே.

பழைய கிளப் எதிலாவது விரல் துளையோடு கறுத்த பந்து ஒன்று கிடந்தால், உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது ரப்பர்.