உப்பு உதறிய நண்பர்

எம்முடன் பயின்று மறைந்த நண்பர் ஒருவரைப் பற்றி இம்மலருக்கு எழுதுமாறு தமிழ்த்துறைத் தலைவர் பணித்தார். தம் பெயரை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்க ஒப்பாதவர் அவர். ஆதலின் ஈண்டும் பெயர் சுட்டாதே எழுதுகின்றோம்.

1968 முதல் 1971 வரை வாணியம்பாடியில் ஒரே வகுப்பில் அமர்ந்தோம். அவர் இல்லத்தில் உருது, வகுப்பில் தமிழ். ழகரம் அவர் நாவிற்கு எட்டாது. ஆயினும் யாப்பிலக்கணத் தேர்வில் எம்மை விஞ்சினார்.

பட்டம் பெற்றபின் தந்தையாரின் தோல் பதனிடும் தொழிலை ஏற்றார். ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் கைப்பற்றி வந்த காலம் அது. தொழில் வளர்ந்தது, பாலாற்றங்கரைக் கிணறுகள் கரித்தன. எம் வீட்டுக் கிணறும் கரித்தது. அதனால் அவரோடு பிணங்கினோம். பள்ளிவாசலில் எதிர்ப்பட்டால் ஸலாம் மட்டுமே. எம் தமையனார் தோல் ஆலையில் கணக்கெழுதி ஈட்டிய ஊதியத்தில்தான் நாம் படித்தோம் என்பது அன்று எமக்கு நினைவில் வரவில்லை.

1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரியாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டமும் விதித்தது. ஊரெங்கும் சினமும் அச்சமும். அந்நாள்களில் ஒரு மாலை அவர் எம் இல்லம் வந்தார். கிணற்றுநீர் இறைக்கச் சொல்லி ஒரு மிடறு அருந்தினார். நெடுநேரம் பேசவில்லை.

"குரோமியத்தைப் பிடித்துவிடலாம், பாய். உப்பு கரைந்துவிட்டால் எப்படிப் பிடிப்பது?" என்றார்.

மறுநாள் ஆலைக்கு அழைத்துச் சென்றார். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டே வரும். அப்படியே தொட்டியில் ஊறவிடுவது பலர் வழக்கம். அவரோ ஒவ்வொரு தோலையும் உதறி, உதிர்ந்த உப்பைக் கூட்டி அள்ளிய பின்னரே நனைக்கச் செய்தார். உதறுவோர்க்குத் தனிக்கூலி. ஆதாயம் குறைந்தது, பிற ஆலையார் நகைத்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் நகர்மன்ற உறுப்பினரானார். குடிநீர் லாரி தம் தெருவிற்கு இறுதியில்தான் வரவேண்டும் என்று விதித்துவிட்டார். அவர் துணைவியார் இதனை எம் மனைவியிடம் சொல்லிக் குறைபட்டதுண்டு. ஏழை மாணவர் பலருக்கு அவர் கட்டணம் செலுத்தியதை ஜனாஸாவிற்கு வந்த இளைஞர்கள் கூறித்தான் அறிந்தோம்.

சென்ற ஆண்டு அவரை அடக்கம் செய்து திரும்பிய மாலை, எம் கிணற்று நீரை ஒரு மிடறு அருந்திப் பார்த்தோம். இன்னமும் கரிக்கத்தான் செய்தது.