பெயரில் நிற்கும் ஊர்

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குச் சென்றிருந்தோம். 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. மணிக்கூண்டு 1760-இல் சேர்ந்தது. பரதேசிக் கூடம் என்பது அதன் பெயர். நம் பேச்சில் இரப்பவனைக் குறிக்கும் அச்சொல், அங்கே பிற தேசத்தார் என்னும் பழம்பொருளிலேயே வழங்குகிறது.

அவ்யூதருள் ஒரு குடும்பத்தின் பெயர் காஸ்டியல். ஸ்பெயின் நாட்டுக் காஸ்டீல் பகுதியைச் சுட்டுவது அப்பெயர். 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. சிதறியவர் வழியினர் கொச்சி வரை வந்தும் ஊர்ப்பெயரை விடவில்லை. அக்குடும்பத்தார் இங்கே யூதர் தலைவராகி, ‘முதலியார்’ என்னும் பட்டமும் தாங்கினர். நம் தமிழ்நாட்டில் வழங்கும் பட்டமன்றோ அது! 1948-இல் இஸ்ரேல் உருவானபின் அத்தெருவார் பெரும்பாலோர் அங்குக் குடியேறிவிட்டனர்.

நாமோ ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கிவிட்டோம். அவ்வெழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது என்று எம் பிள்ளைகளை அங்கேயே கேட்டோம், விடை வரவில்லை. நாணினோம். அன்றிரவே பாட்டனார் பெயர், ஊர், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் செய்தோம். அன்பர்களும் தத்தம் இல்லத்தில் அவ்வாறே செய்வார்களாக!