நெஞ்சாறுதற் பூண்டு

'மோட்சப் பிரயாணம்' எனத் தமிழர் அறிந்த நூலின் இரண்டாம் பாகத்திலே, தாழ்மையின் பள்ளத்தாக்கில் ஏழைச் சிறுவன் ஒருவன் பாடிக்கொண்டே ஆடு மேய்க்கின்றான். அவன் மார்பில் 'ஹார்ட்ஸ் ஈஸ்' என்னும் பூண்டு உண்டென ஜான் பனியன் 1684-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். நெஞ்சிற்கு ஆறுதல் என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் கருதியது உவமையே எனினும், பூண்டு மெய்யான பூண்டேயாம். ஊதாவும் மஞ்சளும் வெண்மையும் விரவ ஐரோப்பிய வெளிகளில் பூக்கும் அதற்கு, 1753-இல் லின்னேயஸ் 'வயோலா டிரைகலர்', அஃதாவது மூவண்ண வயோலா, எனப் பெயரிட்டார். உதகைப் பூங்காவிற் காண்போர் வியக்கும் பெரிய பான்சி மலர்கள், இக்காட்டுப் பூண்டின் வழியே தோட்டக்காரர் கலந்து வளர்த்த சந்ததியாம்.

எம் பாட்டியார் அந்நூலைப் பன்முறை ஓதியவர். ஆதலின், அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் வாழும் எம் தமக்கையார், கோதுமை வயலோரத்திற் பறித்த சிறு பூச்செடியொன்றைத் தாளிடை அழுத்தி, பாட்டியின் வேதப்புத்தகத்தில் வைக்குமாறு கடிதத்தோடு அனுப்பினார். பாட்டியார் அதனைக் கண்ணருகே பிடித்து நோக்கி, "அந்தப் பையன் வைத்திருந்த பூ இதுதானா, ஐயா? பார்த்துச் சொல்லு" என்றார். எண்பது கடந்த முதியவருக்கு ஆம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் வேதப்புத்தகத்துள் வைக்கும் பொருளுக்குப் பொய்ப்பெயர் இட எம் மனம் ஒருப்படவில்லை.

தாவரநூல் பயிலும் நண்பர் ஒருவர் துணைசெய்தார். பூவின் அடியிற் பச்சையாய் நிற்கும் புல்லியிதழ்களோடு வண்ண இதழ்களை ஒப்பிட்டு அளத்தலே முதற் சோதனை. மூவண்ண வயோலாவில் வண்ண இதழ்கள் புல்லியினும் நீண்டு தோன்றும். எம் கையிலிருந்ததிலோ அவை புல்லியை விஞ்சவில்லை. நிறமும் பாலேடு போன்றது, நடுவில் மட்டும் மஞ்சள் என்று தமக்கையார் எழுதியிருந்தார். இலையடியிற் சிற்றிலைபோற் பிளவுபட்ட செதில்கள் இரண்டிற்கும் பொதுவாதலின், அவை கொண்டு துணிதல் அரிது. ஆகவே இது 'வயோலா ஆர்வென்சிஸ்', வயற்பான்சி என்க.

இரண்டும் அமெரிக்க மண்ணுக்கு ஐரோப்பாவினின்று வந்தேறியவையே. மூவண்ணம் தோட்டத்தினின்று தப்பி வேலியோரம் தங்குவது. அது காய்த்தற்கு வண்டின் உதவி வேண்டுமென டார்வின் 1859-இல் எழுதினார். வயற்பான்சியோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தனியே ஒரு செடி வந்து சேரினும் போதும். உழுது கிளறிய மண்ணே அதற்கு உவப்பு: கோதுமை வயல், நாற்றுப்பண்ணை, பாதையோரம். முற்றிய காய் மூன்றாய்ப் பிளந்து, உலருந்தோறும் விதைகளை நெருக்கித் தெறிக்கும். உழவர் களையென்று வெறுத்தலில் வியப்பில்லை. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் வேறொரு சிறு பான்சியும் உண்டு. அதனையும் ஐரோப்பியச் சரக்கெனக் கருதியிருந்து, பின்னரே அம்மண்ணுக்கு உரியதெனத் தெளிந்தனர். பிறந்த மண்ணிலேயே அந்நியம் எனப்பட்ட அதன் பாடு இரங்கத்தக்கதன்றோ!

"அந்தப் பூவன்று, பாட்டி, அதற்குத் தங்கை முறை" என்றோம். பாட்டியார் சிறிது நினைந்து, "தங்கையா? இருக்கட்டும். உன் அக்காளும் அங்கே தனியாய்த்தானே இருக்கிறாள்" என்று, அதனைச் சங்கீதப் பக்கங்களுள் வைத்து மூடினார். மூத்ததைத் தோட்ட வேலிகளின் ஓரம் தேடுமாறு தமக்கையாருக்கு எழுதியுள்ளோம். வண்ண இதழ் புல்லியினும் நீண்டிருத்தல் வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக் குறித்தோம்.