பால்சிட் நாணற்காடு

ஹௌரா–பர்த்வான் முதன்மைப் பாதையில் செல்லும் அன்பர்கள் பால்சிட் நிலையம் நெருங்குகையில் சாளரத்தின் வழியே சற்று நோக்குதல் நலம். இன்று மின்சார வண்டிகள் ஓடும் இவ்வூர்ப் பக்கத்தில்தான், 'பதேர் பாஞ்சாலி' படத்தில் அக்காளும் தம்பியும் புகைவண்டியைத் தேடி ஓடும் காட்சியைச் சத்யஜித் ராய் எடுத்தார். 1952-இல் ஒரு நாள் எடுத்துவிட்டு மறுவாரம் வந்தபோது, நாணற்பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தனர். வெண்பூக்களுக்கு அப்பால் கரும்புகை எழுந்தாலன்றோ சிறுவன் அபுவின் வியப்பு நம் நெஞ்சில் ஏறும்! தந்திக் கம்பத்தில் அவன் காது வைத்துக் கேட்கும் ரீங்காரமோ, வண்டி வருமுன்னரே நம்மை ஏங்க வைக்கிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

1929-இல் நூலாக வந்த விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் மூலக் கதையில், துர்க்கை ரயிலைக் காணவேயில்லை. நோய்ப்படுக்கையில் தம்பியிடம், குணமானதும் ரயில் காட்டுவாயா என்று கேட்கிறாள். ஆசை நிறைவேறாமலே மறைகிறாள். பின்னர்க் குடும்பம் ஊரைவிட்டுப் பெயரும்போது, வண்டியிலிருந்து பின்னோக்கும் அபுவின் கண்ணில் கைகாட்டி மரம் சிறுத்து மறைகிறது. ரயில்வே ஊழியரான நமக்கு அது வண்டி செல்ல அனுமதி. அவனுக்கோ அக்காளைப் பிரிந்த எல்லை.

ஊர்விட்டு வந்த நாமும் நம் மக்களுக்குத் தாத்தா வீட்டுக் கதை சொல்கையில், கிணற்றுக் கப்பியின் ஓசையையும் வைக்கோற்போரின் மணத்தையும் விடாது சொல்வோமாக. காணாத ஊர் அவர்களுக்கு அவ்வழியே சொந்தமாகும்.