பாதியில் நின்ற பாட்டு



"கொடுத்து வைத்த மனுஷன்! கையில உறுமியோட, ஆத்தா வாசல்லயே உயிர் போச்சு. யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு?"

1978-ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் என் பெரியப்பா விழுந்து இறந்தபோது, லயத்துக்கு லயம் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது 14 வயது. நானும் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

பெரியப்பா பால்மரம் வெட்டுகிறவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெட்டு முடித்து, பாலைச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மற்றவர்களைப் போல அவரும் களைத்துக் கிடப்பார். ஆனால் உறுமியைத் தோளில் மாட்டிவிட்டால் ஆளே வேறு! அவர் கை பட்டால்தான் கரகம் அசையும் என்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேடை என்றால் கோவில் வாசல்தான். அந்த மேடைக்கு அவர்தான் ராஜா.

அன்று மத்தியானம் அவர் திண்ணையில் உட்கார்ந்து, "நெஞ்சுல என்னமோ அடைக்குது புள்ள" என்றார். பெரியம்மா, "விடிஞ்சதுலேருந்து வெறும் வயிறு, வாயுதான்" என்று சொல்லி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். டிரசரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் கரகம் புறப்பட்டது. மூன்றாவது லயத்தைத் தாண்டும்போதே பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "கொஞ்சம் உக்காருங்க பெரியப்பா, அண்ணன் அடிக்கட்டும்" என்றேன். "கரகம் பாதியில நிக்கக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோவில் வாசலில் விழுந்தார். அருள் வந்துவிட்டது என்று எண்ணி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்! குலவை போட்டார்கள்! அருள் இல்லை என்று தெரிந்து லோரியில் ஏற்றியபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஊரே புகழ்ந்த அந்தச் சாவை ஒருவர் மட்டும் புகழவில்லை. அவர் என் பெரியம்மா. எத்தனையோ வருடம் கழித்தும், பேச்சு அந்தப் பக்கம் வந்தால், "நான் ஓமத் தண்ணி குடுத்தேன்டா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வாசகர்களே, மேடையில் உயிர் விட்ட கலைஞர்களின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி எனக்குக் கேட்கும்.

தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் அரசு 1960-இல் அவரை நாடு திரும்ப விடவில்லை. தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியாமல் செய்தது. முப்பது ஆண்டுகள் அந்நிய மண்ணில் இருந்தபடியே தம் மக்களுக்காகப் பாடினார். 2008 நவம்பரில், 76-ஆவது வயதில், இத்தாலியில் ஒரு கச்சேரி. குற்றக் கும்பலை எதிர்த்து எழுதியதால் உயிருக்கு மிரட்டல் வந்த ஓர் எழுத்தாளருக்கு ஆதரவாக அது நடந்தது. உலகப் புகழ் பெற்ற தம் 'பாட்டா பாட்டா' பாடலைப் பாடி முடித்தவர் மயங்கி விழுந்தார். மாரடைப்பு. அவருடைய கடைசி நிமிடங்கள் மேடையில் கழிந்தது பொருத்தமே என்று நெல்சன் மண்டேலா கருத்துச் சொன்னார். முழு வாழ்வு வாழ்ந்து, நல்ல காரியத்துக்காகப் பாடி முடித்துப் போன அவரைக் கொடுத்து வைத்தவர் என்றால் நானும் தலையாட்டுவேன்.

ஆனால் எல்லாச் சாவும் அப்படியா?

நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். இர்மா பூலே என்ற டங்டுட் பாடகி பாம்போடு ஆடிப் பாடுகிறவர். 2016 ஏப்ரலில், மேற்கு ஜாவாவின் கராவாங் வட்டாரத்தில் நடந்த நிகழ்ச்சியில் ராஜநாகம் அவரைத் தொடையில் கடித்துவிட்டது. மருந்து கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லி, சுமார் முக்கால் மணி நேரம் தொடர்ந்து பாடினார் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு வாந்தி, வலிப்பு, மரணம். வயது 29. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டை நிறுத்த யாருக்கு மனம் வரும்? அந்தக் கைதட்டலும் ஒரு விஷம்தான் போலிருக்கிறது.

இன்னொருவர் உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் பாடியிருப்பார்! 'கில்லி' படத்தில் வரும் 'அப்படிப் போடு' பாட்டுக்கு ஆடாத நம் பிள்ளைகள் உண்டா? அதில் அனுராதா ஸ்ரீராமுடன் பாடிய ஆண் குரல் கே.கே. என்ற கிருஷ்ணகுமாருடையது. டில்லியில் பிறந்த மலையாளி. இந்தியில் பெரும் புகழ் பெற்றவர். 2022 மே 31-இல் கல்கத்தாவில் நஸ்ருல் மஞ்ச் அரங்கில் கல்லூரி மாணவர்களுக்காகப் பாடினார். அரங்கில் கூட்டம் நெரிந்தது, புழுக்கம் தாங்கவில்லை. வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பாடி முடித்தார். தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பிய சற்று நேரத்தில் விழுந்தார். வயது 53.

பிரேதப் பரிசோதனையில் இருதய இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது தெரிந்தது. அவர் அந்த வலியை அஜீரணம் என்று நினைத்து, வயிற்றுக்கான மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தார் என்றும் செய்தி வந்தது.

அதைப் படித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். பெரியம்மாவின் ஓமத் தண்ணீர்! படித்தவர்களும் பணமும் பெரிய மருத்துவமனைகளும் உள்ள நகரத்தில், 44 ஆண்டுகளுக்குப் பிறகும், அதே தவறு!

இனி என் கதை. சென்ற ஆண்டு பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். நான் சுமாராகப் பாடுவேன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் சரணம் முடியும்போது, குளிர்சாதன மண்டபத்தில் எனக்கு மட்டும் வேர்த்தது. நெஞ்சில் கல்லை வைத்தது போல ஒரு பாரம். இடது தோள் இழுத்தது. 'பிரியாணி சாப்பிட்டோமே, வாயுதான்' என்று மனம் சொன்னது. 'இன்னும் ஒரு சரணம்தானே, முடித்துவிடு' என்றும் சொன்னது.

அப்போது பெரியம்மா தம்ளரும் கையுமாகக் கண்முன் வந்து நின்றார்.

"மன்னிக்க வேண்டும், இதற்கு மேல் பாட முடியவில்லை" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் தம்பி மகன் சிரிக்கவில்லை, 999-ஐ அழைத்தான். மருத்துவமனையில் இரண்டு அடைப்பு என்றார்கள். நேரத்தோடு வந்ததால் பிழைத்தேன்.

ஆகவே, வாசகர்களே, வயதில் மூத்தவன் சொல்வதைக் கேளுங்கள். நெஞ்சில் பாரம், கை, தோள், தாடை பக்கம் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் இவை வந்தால் வாயு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டுமே வரலாம். உடனே 999-ஐ அழையுங்கள். ஒருவர் விழுந்து, பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தால், மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும்வரை அழுத்துங்கள். உறுமி அடிக்கும் நம் பையன்களுக்குத் தாளம் சொல்லித் தரவேண்டியதில்லை. இதைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

கரகம் பாதியில் நிற்கலாம். பாட்டும் நிற்கலாம். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

என் பெரியம்மா இன்று இல்லை. "உங்கள் மேல் குற்றமில்லை பெரியம்மா, அன்று நமக்குத் தெரியவில்லை" என்று அவர் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்கு அறிவு வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு யாராவது இருந்தால், இன்றே சொல்லிவிடுங்கள்.