ஒரு செருப்படி, பதினைந்து தாள்

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் எடுத்து, விசுவமடு தாண்டி இறங்கினேன். தகரக் கொட்டிலுக்குள் பதினான்கு பிள்ளைகள் பாயில் இருந்து, தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடியைப் படம் அச்சடிக்கச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். லினோ வாங்கக் கட்டாது. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சணல் துணியில் படியச் செய்த தரைவிரிப்புத்தான் அது. 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் தண்டிக்கு நடக்கும் காந்தியின் அச்சுப்படத்தை வெட்டியது அதில்தான். இங்கே அந்த வேலையைச் செருப்பு செய்கிறது.

"கத்தியை உன்ர பக்கம் இழுக்காதை பிள்ளை, அங்கால தள்ளு. மற்றக் கை கத்திக்குப் பின்னால நிக்கோணும்."

பெயர் போட வேண்டாம் என்றார், அவர்களுக்குப் பழக்கும் சேர். இளமையில் யாழ்ப்பாணத்தில் கதைகளுக்குப் படம் வரைந்தவர். பிறகு வன்னிப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பத்திரிகையே கோடுபோட்ட கொப்பித் தாளில் வந்தது. அந்தக் கோடுகளை மீறிப் படம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தடித்த கறுப்பில் வரையப் பழகினார். இன்றும் அவர் கை அப்படித்தான் வரைகிறது.

"இடம்பெயரேக்க எல்லாம் கீறின படங்களை விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். அச்செண்டால் நாலு வீட்டில நாலு கிடக்கும். ஒண்டாவது மிஞ்சும்."

எனக்கு ஓவியர் அ. மாற்குவின் நினைவு வந்தது. 1933இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கியவர். 1995 இடப்பெயர்வோடு அவருடைய படைப்புகள் பல தொலைந்தன. அவர் பேரில் 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' மலர் பல கைகளில் இருந்ததால் தப்பியது.

ஒரு சிறுமி குளக்கட்டைச் செதுக்கி, கீழே 'இரணைமடு' என்று வெட்டியிருந்தாள். தாளில் 'டு' முன்னுக்கு வந்தது. 'இ' கடைசியில் முகம் திருப்பி நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேர் எண்ணெய்த் தாளில் எழுதுவித்து, அதைக் கவிழ்த்துக் காட்டினார். "இப்ப பார்த்து வெட்டு."

மற்றச் செருப்பில் பிழையில்லாமல் வெட்டினாள். மை உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். ஒரு மூலையில் பிடித்துத் தாளை மெல்ல உரித்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எழுத்து நேராக வந்திருந்தது. அதைவிட, குளத்துக்குள் அவள் வெட்டாத சிறு அலைகள் ஓடின. செருப்படியில் தேயாமல் மிஞ்சிய வரிகள் அவை.

"அதை விடு, அழிக்காதை" என்றார் சேர்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் அச்சில் பதினான்கு தாள் எடுத்து, ஆளுக்கொன்று கொடுக்கவேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. அன்று எனக்காகப் பதினைந்தாவது தாளும் எடுத்தாள். மை காயாததால் மடிக்க முடியவில்லை. பரந்தன் வரைக்கும் பஸ்ஸில் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வந்தேன்.